பெட்டிக்குள் இருந்த 1962: வந்தவாசி முதல் ஆரணி வரை ஒரு புடவைப் பயணம்

வந்தவாசி என்றதும் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் ஒரு ரகம். 1760 ஜனவரி 22-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதிக்கொண்ட ஊர் இது. பாய் ஞாபகத்துக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இரண்டாவது ரகம்தான்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது வந்தவாசி. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால், சுருட்டி நிமிர்த்திய கோரைப் பாய்கள் கடை வாசல்களில் வரிசையாக நிற்கும். அரக்கு, பச்சை, ஊதா என்று சாயக் கோடு போட்ட பாய்கள். கிட்டே போனால் காய்ந்த கோரையின் வாசம். பிளாஸ்டிக் பாய் வந்த பிறகும், மின்சாரத் தறி வந்த பிறகும், கல்யாணச் சீர் என்றால் இந்தப் பக்கத்தில் இன்னும் கோரைப் பாயைத்தான் தேடுகிறார்கள்.

கைத்தறிப் பாய் நெசவை ஒரு முறையாவது நின்று பாருங்கள். ஒருவர் நீண்ட குச்சியில் கோரையைக் கோத்து, பாவு நூலுக்கு நடுவே செலுத்துவார். இன்னொருவர் அச்சுப் பலகையை இழுத்து அடித்து அதை இறுக்குவார். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஆரணியில் இதே போன்ற ஒரு ஜோடியைப் பார்க்கப் போகிறோம்.

இந்த முறை நாங்கள் வந்தவாசிக்குப் போனது பாய் வாங்க இல்லை. என் பெரியம்மாவின் கல்யாணப் புடவைக்காக.

சித்தி, இது என்ன கலர்?

எல்லாம் என் அக்கா மகளால் ஆரம்பித்தது. வரும் தை மாதம் அவளுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு என்ன உடுத்துவது என்று வீடே பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் செல்போனில் ஒரு பழைய படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவும் பெரியப்பாவும் கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். பின்னால் தோட்டம் வரைந்த திரை. நாற்காலியில் பெரியப்பா. பக்கத்தில், ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்தபடி பெரியம்மா. பஃப் கை வைத்த ஜாக்கெட், முன்னால் எடுத்துப் போட்ட நீளப் பின்னல், ஒரே சீராக விழும் கொசுவம்.

"சித்தி, எனக்கு லெஹங்கா எல்லாம் வேணாம். பெரிய ஆயா மாதிரி நிக்கணும். ஆனா இது கறுப்பு வெள்ளை. என்ன கலர் புடவை இது?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வந்தவாசியில் இருந்தார்.

பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்க் பெட்டியை இழுக்கச் சொன்னார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்த ஒரு பொட்டலம். பிரித்தால் மாம்பழ மஞ்சள். கையகல அரக்குக் கரை. உடலும் கரையும் சேருகிற இடத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி இறங்கும் ரேக்கு. கரைக்குள்ளே ஒரு வரி ருத்ராட்சம், ஒரு வரி மயில்கண். முந்தானையில் பட்டை பட்டையாக ஜரிகை, அவ்வளவுதான். இன்றைய கல்யாணப் புடவைகளைப் போல உடம்பெல்லாம் பூ இல்லை. அறுபது வருடங்களைத் தாண்டியும் அந்த மஞ்சள் மங்கவில்லை. ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இற்றுப்போய், விரல் பட்டால் கிழிகிற நிலையில் இருந்தது.

"ஆரணியில, தறிக்காரங்க வூட்டுலயே போயி எங்கப்பா எடுத்தாரு. 1962. நான் கலர் கூடக் கேக்கல. அவரா பாத்து எடுத்தாந்தாரு" என்றார் பெரியம்மா.

அப்போது அதுதான் புதுசு

இன்று நாம் 'பழைய பாணி' என்று கொண்டாடுவது, அன்று வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த புதுப் பாணி. பெரியம்மாவின் அம்மா கடைசிவரை எட்டு கஜத்தைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியவர். மகள் ஆறு கஜத்தில் முன்கொசுவம் வைத்து, கையில் பஃப் வைத்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டபோது, "இன்னாடி இது, தோள்ல ரெண்டு இட்லி?" என்று கேட்டாராம்.

முன்கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டு, உள்ளே ரவிக்கையும் பாவாடையும் சேர்த்து உடுத்தும் முறை ஆதிகாலத்திலிருந்து எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. 19-ம் நூற்றாண்டில் வங்காளத்துத் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்துவதைக் கவனித்து, வெளியிடங்களுக்குப் போய்வர வசதியாகப் புடவைக்கட்டை மாற்றி அமைத்தார். அங்கிருந்து பல வடிவங்களில் பரவிய கட்டு, நம் சிற்றூர்களுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1950-களிலும் 60-களிலும்தான் நம் வீட்டு இளம்பெண்கள் பெரிய எண்ணிக்கையில் ஆறு கஜத்துக்கு மாறினார்கள்.

அந்த மாற்றத்துக்குச் சினிமாவும் காரணம். 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழு நீளக் கலர் படமாக வந்தது. அதன்பின் கதாநாயகியின் புடவைக்கு நிறம் என்று ஒன்று சேர்ந்துகொண்டது. சாவித்திரியின் வட்டக் கழுத்து ஜாக்கெட், பத்மினியின் பட்டு, சரோஜாதேவியின் பூப்போட்ட புடவை என்று தையல்காரர்களிடம் பெயர் சொல்லியே தைக்கக் கொடுத்தார்கள். சரோஜாதேவி 'எங்க வீட்டுப் பிள்ளை'யிலும் (1965) 'அன்பே வா'விலும் (1966) அணிந்த புடவைகளும் நகைகளும் அன்றைய பெண்களிடையே பெரிய மோகமாயின. பட்டில் இன்றும் 'பாலும் பழமும்' கட்டம் என்று ஒரு ரகம் உண்டு. அதே பெயரில் சரோஜாதேவி நடித்த படம் 1961-ல் வந்தது.

சினிமாவுக்கு வெளியேயும் இருவரைச் சொல்ல வேண்டும். கலாக்ஷேத்ராவை 1936-ல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், அடுத்த ஆண்டே அங்கு நெசவு மையத்தையும் ஆரம்பித்தார். மறைந்துகொண்டிருந்த அகலக் கரைகளையும் கோயில் சிற்ப உருவங்களையும் நெசவாளர்களைக் கொண்டு மீண்டும் நெய்ய வைத்தார். இன்னொருவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. காஞ்சிபுரத்து முத்து செட்டியார் அவருக்காகவே உருவாக்கிய நீலம், 'எம்.எஸ். ப்ளூ' என்று இன்றும் கடைகளில் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். 1966-ல் ஐ.நா. சபையில் பாடிய அந்த அம்மாவை நினைத்தால், குரலுக்கு அடுத்தபடி அந்தப் பட்டும் நமக்கு ஞாபகம் வருகிறதுதானே!

நெருப்பில் போகும் கரைகள்

பெரியம்மா சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களைச் சட்டென்று ஆரணிக்குக் கிளப்பியது. போன மாதம், 'பழைய பட்டுப் புடவை வாங்கறது' என்று கூவிக்கொண்டு ஒருவர் தெருவுக்கு வந்திருக்கிறார். பக்கத்து வீடுகளில் நாலைந்து புடவைகள் கைமாறின. பெரியம்மா புடவையையும் வாங்கிப் பார்த்து, ஒரு ஜரிகை இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி, "நல்ல வெள்ளிம்மா" என்று விலையும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து அசல் ஜரிகை என்பது, பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதனால்தான் கிழிந்த புடவைக்கும் விலை இருக்கிறது. வாங்குகிறவர்கள் அதை யாருக்கும் உடுத்தக் கொடுப்பதில்லை. எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். பட்டு போகும், நிறம் போகும், கரையில் இருந்த மயில்கண்ணும் ருத்ராட்சமும் போகும். மிஞ்சுவது சில கிராம் வெள்ளி.

வாங்குகிறவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அது அவர் பிழைப்பு. மருத்துவச் செலவுக்கு, ஃபீஸுக்கு என்று அவசரத்தில் விற்கிற குடும்பங்களும் உண்டு. ஆனால் பெட்டியில் இடம் அடைக்கிறதே என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்பது என்ன என்று தெரிந்து விற்கிறோமா என்பதுதான் கேள்வி.

பெரியம்மா விற்கவில்லை. "இத எடுத்துக்கினு போயிட்டா, எத காட்டி நான் எங்கப்பாவ பத்தி சொல்லுவேன்?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டார்.

ஆரணி: புறப்பக்கத்தைத் திருப்பினால்

வந்தவாசியிலிருந்து வடமேற்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். இதற்கும் ஒரு போர் உண்டு. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டையிட்டு வென்றார். ஆனால் ஆரணியின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனது துணிதான். ஒரு காலத்தில் ஆரணி மஸ்லின் பேர்போனது, பிற்பாடு பட்டு. இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

கடைத்தெருவில் பட்டுக் கடைகள் வரிசையாக இருந்தாலும், நெசவு நடப்பது பெரும்பாலும் ஊருக்குள்ளும் சுற்றியுள்ள கிராமங்களிலும், வீடுகளில்தான். சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கலாம். காலையில் சீக்கிரம் போனால், வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

தெரிந்தவர் மூலமாக ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அறுபதைக் கடந்த கணவன் மனைவி. நடு வீட்டில் குழித்தறி. எங்களுக்குக் கோரைப் பாயை விரித்துப் போட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் பெரியவர் முதலில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு முந்தானையைப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்க்கவில்லை. புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தில் கட்டை விரலை வைத்து நெருடினார்.

"முன்பக்கம் யாரு வேணா அழகு காட்டலாம்மா. பின்பக்கம்தான் உண்மை பேசும். இது கோர்வை" என்றார்.

கோர்வை என்றால் என்ன? சாதாரணப் புடவையில் ஒரே ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடும். அதனால் கரையின் நிறத்தில் உடலின் நிறமும் கலந்து தெரியும். கோர்வையில் அப்படி இல்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. மஞ்சள் ஊடை கரை வரைக்கும் வந்து, அங்கே அரக்கு ஊடையோடு கொக்கி போட்டுத் திரும்பும். ஒவ்வொரு வரிக்கும் இப்படி. அதனால்தான் மஞ்சள் சுத்த மஞ்சளாகவும் அரக்கு சுத்த அரக்காகவும் நிற்கிறது. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் இன்னும் ஒரு வேலை உண்டு. உடலின் பாவு முடிகிற இடத்தில், முந்தானையின் பாவை இழைக்கு இழை கையால் இணைக்க வேண்டும். அதற்குப் பேட்னி என்று பெயர்.

மூன்று நாடாவை ஒருவரால் வீச முடியாது. ஒரு பக்கக் கரைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். முன்பெல்லாம் வீட்டுப் பையன்கள் உட்கார்ந்தார்கள். பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள், அது நல்லது. பிறகு மனைவி உட்கார்ந்தார். இந்த வீட்டின் மகன் இப்போது செய்யாறு சிப்காட்டில் வேலைக்குப் போகிறார். மாசமானால் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. தறியிலோ நெய்த புடவைக்குத்தான் கூலி.

"கேக்கறவங்க எல்லாரும் பழைய டிசைன் வேணும்கறாங்க. டிசைனுக்குப் பஞ்சமில்ல. கம்ப்யூட்டர்ல போட்டு, அட்டை குத்திக் குடுத்துடுவாங்க. அந்தப் பக்கம் உக்கார ஆள்தான் இல்ல" என்றார் பெரியவர்.

வந்தவாசிப் பாய்த் தறியில் பார்த்த அதே இரண்டு பேர். பாயானாலும் பட்டானாலும், பழைய வேலையின் ரகசியம் ஜோடி சேர்ந்து உட்காருவதில் இருக்கிறது.

நெய்தவர் உடுத்தியது என்ன?

அந்த வீட்டு அம்மாவிடம் என் அக்கா மகள் கேட்டாள்: "ஆயா, உங்க கல்யாணத்துக்கு என்ன புடவை?"

அவர் சிரித்தார். "காட்டன்தாம்மா. பட்டு எல்லாம் நெய்யறதுக்கு."

பழைய பாணியை நினைத்து உருகும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 'காஞ்சிவரம்' படம் இதைத்தான் பேசியது. மகளைப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த ஒரு நெசவாளர், அதற்காகத் தறியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலை ஒளித்து எடுத்துவரும் கதை. பிரியதர்ஷன் இயக்கிய அந்தப் படத்துக்கும், அதில் நடித்த பிரகாஷ்ராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது.

1950-களின் ஸ்டூடியோ படங்களில் பட்டும் நகையுமாக நிற்பவர்கள், படம் எடுத்துக்கொள்ள வசதி இருந்தவர்கள். பட்டைக் கண்ணால் மட்டும் பார்த்த பெண்கள் அந்தப் படங்களில் இல்லை. கணவனை இழந்ததும் நிறப் புடவையையே ஒதுக்கிவைக்கச் சொல்லப்பட்ட பெண்களும் இல்லை. அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கூப்பிட யாருக்கும் ஆசை இருக்காது. ஆனால் அந்த ஜாக்கெட்டும் அந்தக் கரையும் அந்த நிறமும் நமக்கு வேண்டும். இன்று அதை யார் வேண்டுமானாலும், எந்த வயதிலும், எந்த நிறத்திலும் உடுத்தலாம். அந்த வகையில் நாம் பெரிய ஆயாக்களைவிட அதிர்ஷ்டசாலிகள்.

இன்று எப்படி உடுத்துவது?

2018-ல் வந்த 'நடிகையர் திலகம்' படத்தில் சாவித்திரியாகக் கீர்த்தி சுரேஷ் தோன்றியபோது, அந்த உடைகளைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. தெலுங்கில் 'மகாநடி'யாக வந்த அந்தப் படத்துக்கு, சிறந்த நடிகைக்கான தேசிய விருதோடு உடை வடிவமைப்புக்கான விருதும் சேர்ந்து கிடைத்தது. அதற்குப் பிறகு பஃப் கையும் முக்கால் கையும் மறுபடி தையல் கடைகளுக்கு வந்துவிட்டன. நீங்களும் முயன்று பார்க்க நினைத்தால், சில குறிப்புகள்:

ஜாக்கெட் முக்கியம். இப்போது புடவையோடு சேர்ந்தே ஜாக்கெட் துணி வந்துவிடுகிறது. அன்று பெரும்பாலும் தனியாக வாங்கித் தைத்தார்கள். அதனால்தான் மாறுபட்ட நிறங்கள். மஞ்சள் புடவைக்குப் பச்சை, ஊதாவுக்கு மெஜந்தா என்று வேலைப்பாடு இல்லாத ஒற்றை நிறத் துணியில் தைத்தாலே பாதி 1960 வந்துவிடும். பஃப் கையைத் தோளில் மட்டும் சிறியதாக எடுக்கச் சொல்லுங்கள். பெரிதாக எடுத்தால் நாடக உடை மாதிரி ஆகிவிடும்.

முந்தானையை மெல்லிய மடிப்புகளாக்கி அயர்ன் செய்து நிறுத்துவது இன்றைய பழக்கம். அந்தக் கால முந்தானை கொஞ்சம் தளர்ந்து, பின்னால் நீளமாக விழும். கொசுவமும் அப்படித்தான். இறுக்கிக் கட்டாமல் இருப்பதே அந்த அழகு.

தலைக்குப் பின்னலோ, கழுத்தோடு போட்ட கொண்டையோ, ஒரு முழம் மல்லிகையோ கனகாம்பரமோ போதும். நகையில் ஒரே ஒரு பெரியது, மற்றதெல்லாம் சின்னது. பட்டு இல்லையென்றாலும் கவலையில்லை. கட்டம் போட்ட கைத்தறிப் பருத்திக்கும் இதே ஜாக்கெட் பொருந்தும். அன்றாடம் ஆபீசுக்கே போகலாம்.

பெட்டியைத் திறக்கும்போது

பழைய பட்டு உங்கள் வீட்டில் இருந்தால், அதை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். அந்துருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டு இறுவது மடிப்பில்தான். சென்ட்டை உடம்பில் போட்டு, காய்ந்த பிறகு புடவை கட்டுங்கள்.

உடல் இற்று, கரை மட்டும் நன்றாக இருந்தால், கரையைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம். குழந்தைக்குப் பட்டுப் பாவாடையாக்கலாம். அதே கரையை மறுபடி நெய்யவும் முடியும். அதற்குப் பழைய புடவைதான் பாடப்புத்தகம். அதைப் பார்த்து இழை எண்ணி, கட்டத்தாளில் வரைந்து, அட்டை குத்தித் தறியில் ஏற்றுவார்கள். எரிந்துபோன புடவையிலிருந்து இதைச் செய்ய முடியாது.

புதிதாக வாங்கும்போது சில்க் மார்க் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு இழையை எரித்துப் பார்த்தால் முடி கருகும் வாசம் வரும். சாம்பல் பொடியாக உதிரும். அது பட்டு. புடவையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கோர்வையா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் இருக்கும்வரைதான், அந்தப் பக்கம் உட்கார யாராவது வருவார்கள்.

ஆரணிக்குக் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கமிருந்தும் பஸ் உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு, விழுப்புரம் - காட்பாடி பாதையில் ஆரணி ரோடு ஸ்டேஷன் இருக்கிறது. அது களம்பூரில் இருக்கிறது என்பதால் அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். நேரம் இருந்தால் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலையும், தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். நெசவாளர் வீட்டுக்குப் போவதென்றால் முன்கூட்டியே தெரிந்தவர் மூலம் கேட்டுவிட்டுப் போங்கள். தறி ஓடும்போது இழையைத் தொடாதீர்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தறியில் ஏறியது

எங்கள் புடவைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியம்மா அதைத் தறி வீட்டில் விட்டுவர மறுத்துவிட்டார். அதனால் ஒரு பகல் முழுக்க அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தோம். பெரியவர் இழை எண்ணினார். அக்கா மகள் சொல்லச் சொல்லக் கட்டத்தாளில் குறித்தாள். செல்போனில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொண்டோம். கூலியைப் பேசும்போது, இரண்டு பேர் வேலைக்கு இரண்டு பேர் கூலி என்று கணக்குப் போட்டோம். கடையில் வாங்கும் கனமான கல்யாணப் புடவைகளின் விலைக்குப் பக்கத்தில்தான் வந்தது. வரவேற்பு மண்டபத்தில் மேடை அலங்காரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள் கல்யாணப் பெண்.

ஒரே ஒரு மாற்றம் கேட்டாள். முந்தானை ஓரத்தில், உள்பக்கமாக, '1962' என்று சின்னதாக நெய்ய வேண்டும். பெரியவர் யோசித்துவிட்டு, "நெய்யலாம். ஆனா இந்த வருஷத்தையும் பக்கத்துல போடு. நாங்க நெய்ஞ்சதும் தெரியட்டும்" என்றார்.

பாவு ஏறிவிட்டது. அந்தப் பக்கக் கரைக்கு அந்த அம்மாதான் உட்காருகிறார். முழங்கால் வலிக்கிறது என்கிறார். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்றும் சொல்கிறார். அவருக்குப் பிறகு யார் என்று நாங்கள் கேட்டதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் நிற்பவரோ, அவரைப் பார்த்தவரோ இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: புடவை என்ன நிறம், யார் எடுத்துக் கொடுத்தது, எந்த ஊர்த் தறி. கேட்டதை ஒரு சீட்டில் எழுதிப் புடவையோடு வையுங்கள். படத்தில் இல்லாத அந்த நிறம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.